ஆய்விதழின் மேற்கோள் தாக்கத்தை நாமே அளப்பது எப்படி? நிலவியல் ஆய்வுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

போன வருடம் மாம்பழ சீசனில் பாலக்கோடு பக்கத்து மாணவி ஒருவர் எங்கள் நூலகத்துக்கு வந்தார். நிலத்தடி நீரில் உள்ள ஃப்ளோரைடு பற்றி ஒரு கட்டுரை எழுதி முடித்திருந்தார். மூன்று கோடை ஊர் ஊராக அலைந்து, போர்வெல் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, லேபில் கொடுத்துச் சேர்த்த தரவு. "எந்த ஜர்னலுக்கு அனுப்பலாம் சார்?" என்று கேட்டபடியே கைபேசியை நீட்டினார். பயன்பாட்டு நிலவியலுக்கான சர்வதேச ஆய்விதழாம். இம்பாக்ட் ஃபாக்டர், அதாவது ஒரு கட்டுரைக்குச் சராசரியாகக் கிடைக்கும் மேற்கோள், ஏழுக்கும் மேலாம். மூன்றே நாளில் வெளியிடுவார்களாம். பணத்தை மட்டும் முதலிலேயே கட்டிவிட வேண்டுமாம்.

எனக்குப் பக்கென்றது. இதே மாதிரி ஓர் இதழுக்குப் பணம் கட்டிய இன்னொரு பையனை எனக்குத் தெரியும். கட்டுரை வந்துவிட்டது. ஆனால் அந்த இதழை எந்தப் பட்டியலிலும் காணோம். ஒருமுறை வெளியான தரவை மறுபடி இன்னோர் இதழுக்கு அனுப்பவும் முடியாது. இரண்டு வருட உழைப்பு அப்படியே போயிற்று.

அன்று மாலை அந்த மாணவியும் நானும் ஒரு தாளை எடுத்து, ஓர் இதழின் தாக்க எண் எப்படி வருகிறது என்று அடியிலிருந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். யாரோ சொல்லும் எண்ணை நம்புவதற்கு முன் ஒருமுறையாவது அதை நீங்கள் கையால் போட்டுப் பார்க்க வேண்டும். கூட்டலும் வகுத்தலும் போதும்.

இந்தப் பழக்கத்துக்கு இப்போது அவசரமும் கூடியிருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற இதழ்களின் 'கேர்' பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியலை நிறுத்திவிட்டார்கள். இதழின் தரத்தைப் பார்க்கும் பொறுப்பு கல்லூரிக்கும் நெறியாளருக்கும் உங்களுக்கும் வந்துவிட்டது.

முதல் வேலை: இதழ் எது என்று உறுதிசெய்வது

கணக்கைத் தொடும் முன், நீங்கள் அளக்கப்போகும் இதழ் நிஜமானதுதானா, அதே பெயரில் வேறொன்று இல்லையா என்று பாருங்கள். ஒவ்வொரு இதழுக்கும் ஐ.எஸ்.எஸ்.என். என்ற எட்டு இலக்க எண் உண்டு. இந்தியாவில் வெளிவரும் இதழ்களுக்கு டெல்லியில் உள்ள தேசிய மையம் அதை வழங்குகிறது. அந்த எண்ணின் கடைசி இலக்கம் ஒரு காவல் இலக்கம். மற்ற ஏழும் சரிதானா என்று அதை வைத்தே சோதிக்கலாம்.

இந்திய நிலவியல் சங்கம் பெங்களூரிலிருந்து நடத்தும் ஆய்விதழை எடுத்துக்கொள்வோம். நம் பகுதிப் பாறைகளைப் பற்றிப் படிப்பவர்கள் எல்லோரும் எப்படியும் தொட்டாக வேண்டிய இதழ் அது. அச்சு வடிவத்தின் எண் 0016-7622. கடைசி 2-ஐ விட்டுவிட்டு, மீதி ஏழு இலக்கங்களை வரிசையாக 8, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்குங்கள். 0, 0, 6, 30, 28, 18, 4 என்று வரும். கூட்டினால் 86. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 9. பதினொன்றில் ஒன்பது போனால் 2. கடைசி இலக்கமும் 2. சரியாக இருக்கிறது. கழித்து 10 வந்தால் அந்த இடத்தில் எக்ஸ் என்ற எழுத்து இருக்கும். மீதியே இல்லாமல் போனால் 0.

மாணவிக்கு வந்த செய்தியில் இருந்த எண்ணை இப்படிப் போட்டோம். ஒத்துவரவில்லை. அங்கேயே பாதி விஷயம் முடிந்துவிட்டது. ஒத்துவந்தாலும் அதோடு விடாதீர்கள். ஐ.எஸ்.எஸ்.என். இணையவாசலில் அந்த எண்ணைத் தட்டி, அங்கே வரும் பெயரும் இதழின் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். நல்ல இதழின் எண்ணையும் பெயரையும் திருடிப் போலித் தளம் நடத்துபவர்களும் இருக்கிறார்கள். அதனால் தளத்தின் முகவரியையும் ஒப்பிட வேண்டும்.

பெயர் மாறிய இதழ்களிலும் கவனம் தேவை. 'அப்ளைடு ஹைட்ரோஜியாலஜி' என்று தொடங்கிய இதழ் 1995-ல் 'ஹைட்ரோஜியாலஜி ஜர்னல்' ஆனது. 'என்விரான்மென்டல் ஜியாலஜி' 2009-ல் 'என்விரான்மென்டல் எர்த் சயின்சஸ்' ஆனது. பழைய பெயரில் குவிந்த மேற்கோள்களைத் தேடாமல் விட்டால் கணக்கு குறையும். மேற்கோள் காட்டுபவர்கள் பெயரை ஆளுக்கொரு விதமாகச் சுருக்கி எழுதுவதும் உண்டு. எந்தெந்தச் சுருக்கத்தில் வந்திருக்கிறது என்று முதலிலேயே ஒரு சிறு பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எண் பிறந்த கதை, சுருக்கமாக

யூஜின் கார்ஃபீல்டு என்ற அமெரிக்கர் 1955-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு யோசனையை எழுதினார். எந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று ஒரு பெரிய அட்டவணை போட்டால், ஒரு கருத்து எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்று பின்தொடரலாம் என்பது அது. 1960-களில் அறிவியல் மேற்கோள் அட்டவணை வந்தது. 1975-லிருந்து இதழ்களுக்கான ஆண்டறிக்கையும் வரத் தொடங்கியது. அந்த அறிக்கையில் வருவதுதான் இம்பாக்ட் ஃபாக்டர், தமிழில் தாக்கக் காரணி. எந்த இதழை வாங்கலாம் என்று நூலகர்கள் முடிவெடுக்க அது உதவியாக இருந்தது. இன்று அதை ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் வெளியிடுவது கிளாரிவேட் நிறுவனம். அவர்களுடைய 'வெப் ஆஃப் சயின்ஸ்' தொகுப்பில் இல்லாத இதழுக்கு இந்த எண் கிடையாது. தொகுப்பில் எந்தெந்த இதழ்கள் இருக்கின்றன என்ற முதன்மைப் பட்டியலை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடிப் பார்க்கலாம்.

இங்கே ஓர் அடையாளத்தை மனதில் வையுங்கள். 2023 வெளியீட்டிலிருந்து அவர்கள் தாக்கக் காரணியை ஒரே ஒரு தசம இலக்கத்தோடுதான் தருகிறார்கள். புது ஆண்டுக்கான எண் என்று சொல்லி மூன்று தசம இலக்கத்தோடு யாராவது காட்டினால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்டே ஆக வேண்டும்.

கையால் ஒரு கணக்கு

2024-க்கான தாக்கக் காரணி வேண்டுமென்றால், 2022-லும் 2023-லும் அந்த இதழில் வந்த கட்டுரைகளை 2024-ல் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ண வேண்டும். அதை அந்த இரண்டு ஆண்டுகளின் ஆய்வுக் கட்டுரைகள், முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து அலசும் திறனாய்வுக் கட்டுரைகள் ஆகியவற்றின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். தலையங்கம், அஞ்சலிக் குறிப்பு, வாசகர் கடிதம் எல்லாம் கீழே வகுக்கும் எண்ணில் சேராது. ஆனால் அவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்கள் மேலே உள்ள எண்ணில் சேர்ந்துவிடும். இந்தச் சின்ன இடைவெளி புதியவர்கள் பலருக்குத் தெரிவதில்லை.

அன்று நாங்கள் பழகுவதற்காக ஒரு கற்பனை இதழை வைத்துக்கொண்டோம். வருடத்துக்கு நான்கு இதழ். 2022-ல் 38 கட்டுரை, 2023-ல் 42. மொத்தம் 80. விரிதாளில் ஒரு கட்டுரைக்கு ஒரு வரி. தலைப்பு, ஆண்டு, டி.ஓ.ஐ. எண் (கட்டுரையின் நிலையான அடையாள எண்), 2024-ல் கிடைத்த மேற்கோள், அதில் அதே இதழிலிருந்து வந்தவை எத்தனை என்று ஐந்து பத்தி. மேற்கோள் மொத்தம் 56 என்று வைத்தோம். 56-ஐ 80-ஆல் வகுத்தால் 0.7.

"அவ்வளவுதானா சார்?" என்றார். அவ்வளவுதான். ஆனால் அந்த 0.7-க்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தபோதுதான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எண்பதில் 47 கட்டுரைகளுக்கு ஒரு மேற்கோள்கூட இல்லை. 27-க்கு ஒன்று, ஐந்துக்கு இரண்டு. ஃப்ளோரைடு பற்றிய ஒரே ஒரு திறனாய்வுக் கட்டுரைக்கு மட்டும் 19. கூட்டிப் பாருங்கள், 56 வரும். அந்த ஒரு கட்டுரையை எடுத்துவிட்டால் 37-ஐ 79-ஆல் வகுக்க வேண்டும். 0.47-க்கு இறங்கிவிடும். எண்பதையும் வரிசையாக நிற்க வைத்து நடுவில் நிற்பதைப் பார்த்தால் அதன் மேற்கோள் சுழியம். ஆக, இதழின் 0.7 என்பது அதில் வரும் உங்கள் கட்டுரையின் எண் அல்ல. சராசரியை மட்டும் குறிப்பது போதாது. நடு எண்ணையும், மேற்கோளே இல்லாதவை எத்தனை என்பதையும் கூடவே எழுதுங்கள்.

அடுத்து, அந்த 56-ல் 14 மேற்கோள் அதே இதழின் கட்டுரைகளிலிருந்து வந்தவை என்று வைத்தோம். அவற்றைக் கழித்தால் 42. எண்பதால் வகுத்தால் 0.525. தன் இதழைத் தானே மேற்கோள் காட்டுவது தவறு என்று சொல்ல வரவில்லை. குறுகிய துறையில் நல்ல இதழுக்கு அது நடக்கத்தான் செய்யும். பாதிக்கு மேல் போனால்தான் சந்தேகப்பட வேண்டும். அளவுக்கு மீறிப் போகும் இதழ்களின் தாக்கக் காரணியை அந்த ஆண்டு அறிக்கையிலிருந்தே நீக்கிவிடும் வழக்கமும் உண்டு. "எங்கள் இதழின் கட்டுரை ஐந்தையாவது சேர்த்தால்தான் ஏற்போம்" என்று ஆசிரியர் குழுவிலிருந்து கடிதம் வந்தால், அந்த இதழை விட்டு விலகுங்கள்.

மேற்கோளை எங்கே எண்ணுவது?

கூகுள் ஸ்காலரில் கட்டுரையின் தலைப்பைத் தட்டினால், கீழே எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று ஓர் இணைப்பு வரும். அதை அழுத்தி, இடப்பக்கத்தில் ஆண்டை 2024-லிருந்து 2024 வரை என்று கட்டுப்படுத்துங்கள். எண்பது கட்டுரைக்கு இப்படிச் செய்ய ஒரு முழு நாள் ஆகும். இந்த ஒரு நாளை மட்டும் மிச்சப்படுத்தப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு வரியையும் திறக்கும்போதுதான் யார் மேற்கோள் காட்டுகிறார்கள், எதற்காகக் காட்டுகிறார்கள் என்பது கண்ணில் படும். ஒரே கட்டுரை இரண்டு முறை பதிவாகியிருப்பதும், ஆய்வேடு ஒன்று இதழ்க் கட்டுரைபோல எண்ணப்பட்டிருப்பதும் அப்போதுதான் தெரியும்.

கைவேலை பழகியபின் 'பப்ளிஷ் ஆர் பெரிஷ்' என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம். 'ஓப்பன் அலெக்ஸ்' என்ற திறந்த தரவுத்தளம் மேற்கோளை ஆண்டுவாரியாகவே பிரித்துத் தருகிறது. 'கிராஸ்ரெஃப்' தளத்தில் டி.ஓ.ஐ. எண்ணை வைத்துச் சரிபார்க்கலாம். தளத்துக்குத் தளம் எண்ணிக்கை வேறு வேறாக வரும்; பயப்பட வேண்டாம். ஒவ்வொன்றும் எண்ணும் பரப்பு வேறு. கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, அறிக்கை, மாநாட்டுத் தொகுப்பு எல்லாவற்றையும் வாரிக்கொள்ளும். அதனால் அதில் கிடைக்கும் எண் பெரும்பாலும் பெரிதாகவே இருக்கும். ஒரே இதழுக்கு ஒரு வருடத்தை ஒரு தளத்திலும் அடுத்த வருடத்தை இன்னொரு தளத்திலும் எடுத்து ஒப்பிடுவது மட்டும் கூடாது. நீங்கள் போட்ட எண்ணுக்கும் 'தாக்கக் காரணி' என்று பெயர் வைக்காதீர்கள். "இரண்டாண்டு சராசரி மேற்கோள், கூகுள் ஸ்காலர்படி" என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

நம் துறைக்கு இரண்டு வருடம் போதுமா?

போதாது என்பது என் உறுதியான கருத்து. நீங்கள் 2022-ல் ஒரு ஃப்ளோரைடு கட்டுரை வெளியிடுகிறீர்கள். அரூரில் ஒருவர் அதைப் படித்து, அதே முறையில் தன் பகுதியில் செய்ய நினைக்கிறார். மழைக்கு முன் ஒரு மாதிரி, வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒரு மாதிரி. அதற்கே ஒரு வருடம். ஒரு பருவம் பொய்த்தால் இரண்டு. பிறகு லேப், எழுத்து, மதிப்பீட்டாளர் கருத்து, திருத்தம். அவருடைய கட்டுரை அச்சில் வந்து உங்களை மேற்கோள் காட்டும்போது 2025-ஓ 2026-ஓ ஆகியிருக்கும். 2024-க்கான கணக்கு எப்போதோ மூடியிருக்கும். கிடைத்த அந்த மேற்கோள் எந்த ஆண்டின் தாக்கக் காரணியிலும் சேராது.

பாறைக்கு இன்னும் நீண்ட காலம் வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி வழியாகத் தெற்கே வரும்போது நைஸ் பாறை கொஞ்சம் கொஞ்சமாகச் சார்னோகைட்டாக மாறுவதைக் காண உலகம் முழுவதிலுமிருந்து நிலவியலாளர்கள் வந்து போயிருக்கிறார்கள். சார்னோகைட் பற்றி ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1900-ல் எழுதியதை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். சாமல்பட்டி, ஒகேனக்கல் கார்பனடைட் பாறைகளைப் பற்றிய பழைய கட்டுரைகளும் இன்னும் படிக்கப்படுகின்றன. இவை எதுவும் இரண்டாண்டுச் சாளரத்துக்குள், அதாவது கணக்கில் எடுக்கும் அந்த இரண்டு ஆண்டுக்குள், வராது.

அதனால் ஐந்தாண்டுக் கணக்கையும் கட்டாயம் போடுங்கள். எங்கள் கற்பனை இதழில் 2019 முதல் 2023 வரை 190 கட்டுரை. அவற்றுக்கு 2024-ல் 171 மேற்கோள். வகுத்தால் 0.9. இரண்டாண்டு எண் 0.7 ஆக இருக்க, ஐந்தாண்டு எண் 0.9 ஆக ஏறுகிறது என்றால், அந்த இதழின் கட்டுரைகள் மெதுவாகத்தான் வேலை செய்கின்றன, ஆனால் நின்று வேலை செய்கின்றன என்று பொருள். பயன்பாட்டு நிலவியல் இதழில் நான் முதலில் தேடுவது இந்த ஏற்றத்தைத்தான்.

மற்ற எண்கள்

'ஸ்கோபஸ்' என்ற தன் மேற்கோள் தரவுத்தளத்தை வைத்து எல்ஸ்வியர் பதிப்பகம் தருவது சைட்ஸ்கோர். இதில் சாளரம் நான்கு ஆண்டு. 2024-க்கான சைட்ஸ்கோர் என்றால், 2021 முதல் 2024 வரை வந்தவற்றுக்கு அதே நான்கு ஆண்டுகளில் கிடைத்த மேற்கோளை, அந்த நான்கு ஆண்டுகளின் ஆவணங்களால் வகுப்பது. எங்கள் இதழில் 160 கட்டுரை, 208 மேற்கோள் என்று வைத்தோம், 1.3 வந்தது. அதே இதழ்தான், தாக்கக் காரணி முறையில் 0.7, சைட்ஸ்கோர் முறையில் 1.3. ஓர் இதழின் சைட்ஸ்கோரை இன்னோர் இதழின் தாக்கக் காரணியோடு ஒப்பிட்டு "இதுதான் பெரிசு" என்று முடிவெடுப்பதை ஆய்வுக் குழுக் கூட்டங்களில்கூடப் பார்த்திருக்கிறேன். மீட்டரையும் அடியையும் ஒப்பிடுவது போன்றது அது.

ஸ்கோபஸ் தளத்தில் இதழ்களின் பட்டியல் பக்கம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. சந்தா தேவையில்லை. அங்கே எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை அந்த இதழைச் சேர்த்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். சில ஆண்டுகளுக்கு முன்பே நின்றுபோயிருந்தால், "ஸ்கோபஸ் இதழ்" என்ற விளம்பரம் பழங்கதை. அதே பக்கத்தில் எஸ்.ஜே.ஆர்., ஸ்னிப் என்று இரண்டு எண்களும் இருக்கும். முதலாவது, மேற்கோள் எந்த இதழிலிருந்து வந்தது என்பதற்கும் எடை போடுகிறது. இரண்டாவது, துறைக்குத் துறை மேற்கோள் காட்டும் பழக்கம் வேறு என்பதைச் சரிக்கட்டுகிறது. மருத்துவ இதழையும் நிலவியல் இதழையும் ஒரே மேசையில் வைக்க வேண்டிய நிலை வந்தால் ஸ்னிப்பைப் பாருங்கள்.

எச்5 என்பது கூகுள் ஸ்காலர் தருவது. கடந்த ஐந்து முழு ஆண்டுகளின் கட்டுரைகளை மேற்கோள் அதிகமானதிலிருந்து இறங்கு வரிசையில் அடுக்குங்கள். 24, 15, 11, 9, 8, 7, 7, 6 என்று போகிறதென்றால், ஏழாவது கட்டுரைக்கு ஏழு மேற்கோள் இருக்கிறது, எட்டாவதுக்கு எட்டு இல்லை. எனவே எச்5 ஏழு. ஐந்து ஆண்டில் நூறு கட்டுரைக்குக் குறைவாக வெளியிடும் இதழ்களை கூகுள் இந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. சிறிய, நல்ல இதழ் அங்கே இல்லை என்பதற்காக அதைத் தள்ளிவிடாதீர்கள்.

எந்தக் கணக்கிலும் வராத பயன்

தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகமாக இருப்பது ஊரறிந்தது. கறை படிந்த பல்லோடு வளர்ந்த தலைமுறை இங்கே உண்டு. கிரானைட், நைஸ் பாறைகளில் உள்ள பயோடைட், அபடைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃப்ளோரைடு நீரில் கரைகிறது. கால்சியம் குறைந்து காரத்தன்மை கூடிய நீரில் அது தங்கிவிடுகிறது. ஜைகா என்ற ஜப்பானிய உதவி நிறுவனத்தின் கடனுதவியோடு ஒகேனக்கல் காவிரி நீரை வீடுகளுக்குக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது.

இப்படிப்பட்ட வேலையில் இருக்கும் பொறியாளர் ஒருவர் உங்கள் கட்டுரையின் வரைபடத்தைப் பார்த்து, இந்த ஊரில் போர்வெல் போட வேண்டாம் என்று முடிவெடுத்தால் அது எங்கேயும் மேற்கோளாகப் பதிவாகாது. குவாரியில் பாறை வெடிப்பின் திசையைப் படித்து வெட்டுபவரும் அடிக்குறிப்பு எழுதப் போவதில்லை. அரசுத் துறை அறிக்கையில் உங்கள் பெயர் வந்தாலும், அந்த அறிக்கைகளைப் பெரிய மேற்கோள் தளங்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்வதில்லை. பயன்பாட்டு நிலவியல் இதழின் தாக்கத்தை அளக்கிறோம் என்று சொல்லிவிட்டு இதை விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை. ஆய்வை எண்களால் மதிப்பிடுவது பற்றி 2015-ல் வெளியான லைடன் அறிக்கையின் பத்து நெறிகளில் ஒன்று, உள்ளூருக்குப் பொருந்தும் ஆய்வின் மேன்மையைக் காக்க வேண்டும் என்பது. தனிமனிதரின் ஆய்வை மதிப்பிட இதழின் தாக்கக் காரணியைப் பயன்படுத்தக் கூடாது என்று 2012-ல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான டோரா பிரகடனமும் சொல்கிறது.

அதனால் உங்கள் விரிதாளில் ஆறாவதாக ஒரு பத்தி போடுங்கள். இதழின் கட்டுரைகள் துறை அறிக்கைகளிலோ, மாவட்ட அளவிலான திட்ட ஆவணங்களிலோ, பாடத்திட்டத்திலோ வந்திருந்தால் அதில் எழுதுங்கள். கட்டுரைத் தலைப்பை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடினால் சில கிடைக்கும். சிலவற்றை நேரில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

எழுதி வைக்கும் முறை

கடைசியில் ஒரு பக்கம் போதும். இதழின் பெயர், ஐ.எஸ்.எஸ்.என்., எந்தத் தளம், எந்தத் தேதியில் எண்ணினீர்கள், எந்தச் சாளரம் என்பது மேலே வர வேண்டும். தேதி மிக முக்கியம். மேற்கோள் எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் மாறும். அதன் கீழே இரண்டாண்டு எண், ஐந்தாண்டு எண், தன் மேற்கோள் நீக்கிய எண், நடு எண், மேற்கோள் இல்லாத கட்டுரைகள். ஒப்பிட வேண்டுமென்றால் அதே துறையின் இரண்டு மூன்று இதழ்களை அதே தளத்தில், அதே நாளில், அதே முறையில் எண்ணுங்கள். இவ்வளவு செய்தபின், நெறியாளர் "ஏன் இந்த இதழ்?" என்று கேட்டால் தாளைக் காட்டிப் பேசலாம்.

அந்த மாணவி மூன்று இதழ்களுக்கு இப்படிப் போட்டார். இரண்டாண்டு எண்ணில் மூன்றாவதாக இருந்த இதழ் ஐந்தாண்டு எண்ணில் முதலாவதாக வந்தது. மேற்கோள் காட்டியவர்களில் நம் பகுதிபோலக் கெட்டிப் பாறைப் பகுதிகளில் நீர் ஆய்வு செய்பவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அதற்கே அனுப்பினார். அந்த விரிதாளின் வெற்றுப் படிவம் எங்கள் நூலகக் கணினியில் இருக்கிறது. வருகிறவர்கள் பென்டிரைவில் எடுத்துப் போகிறார்கள்.